டேங்கைக் கழற்ற எந்த கனெக்டர்? பிளாஸ்டிக்கா பித்தளையா என்று கேட்பதற்கு முன்னால்

ஸ்பார்க் பிளக்கைப் பார்க்க வேண்டுமா, டேங்கைத் தூக்கு. ஏர் ஃபில்டரை மாற்ற வேண்டுமா, டேங்கைத் தூக்கு. வால்வு இடைவெளி பார்க்க வேண்டுமா, அதற்கும் டேங்கைத்தான் தூக்க வேண்டும். பல மோட்டார் சைக்கிள்களில் எந்த வேலைக்கும் இதுதான் வாசல்.

சீட்டைக் கழற்றிப் பின்பக்க போல்ட்டையும் எடுத்தாயிற்று. டேங்கின் பின்பகுதியை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையை உள்ளே விட்டு, பெட்ரோல் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பின் இரண்டு காதுகளையும் பிளேயரால் நசுக்கிக் கீழே தள்ளுகிறோம். ஹோஸை முறுக்குகிறோம். வராது. இன்னும் கொஞ்சம் முறுக்குகிறோம். அசையாது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தால் ஒரேயடியாகக் கையோடு வந்துவிடும். பெட்ரோல் மணிக்கட்டில் விழுந்து முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கும்.

8 மி.மீ. உள்விட்டமுள்ள ஹோஸ் 30 செ.மீ. நீளம் இருந்தால் அதில் நிற்பது 15 மில்லிதான். மூன்று தேக்கரண்டி. ஆனால் அந்த மூன்று தேக்கரண்டி சூடான இன்ஜின் மேல் விழுந்து புகைவதைப் பார்த்தவர்கள் அளவைப் பற்றிப் பேசமாட்டார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து எங்கோ மூலையில் இருக்கும் தீப்பொறி வரை போகும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடுகிற திரவம் அது.

இந்தக் குளியலை இரண்டு மூன்று முறை அனுபவித்தவர்கள், அழுத்தினால் கழன்று, தள்ளினால் கிளிக் என்று பூட்டிக்கொள்ளும் க்விக் கனெக்டரைத் தேட ஆரம்பிப்பார்கள். தேடியதும் எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: பிளாஸ்டிக்கா, மெட்டலா? நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். இப்போது கேட்டால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பேன். முதல் கேள்வி, உங்கள் வண்டியில் பெட்ரோலைத் தள்ளுவது எது? இரண்டாவது, டேங்கை எத்தனை தடவை கழற்றுகிறீர்கள்?

தள்ளுவது எது?

கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலை இறக்குவது புவியீர்ப்பு மட்டும். டேங்கில் இருக்கும் பெட்ரோலின் மட்டம் கார்புரேட்டரைவிட 30 செ.மீ. உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.02 பார். பெட்ரோல் குறையக் குறைய அதுவும் குறையும். இன்ஜெக்ஷன் வண்டியில் டேங்குக்குள் பம்ப் இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் அது 3 பாரை ஒட்டித் தள்ளும். இரண்டுக்கும் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இந்த ஒரு கணக்கு தெரியாமல்தான் ஒரு கார்புரேட்டர் வண்டிக்கு நான் வால்வு வைத்த கனெக்டரைப் போட்டேன். வால்வு வைத்தது என்றால் இரண்டு பாதிக்குள்ளும் ஸ்பிரிங் தள்ளும் சின்ன மூடி இருக்கும். பிரித்தவுடன் இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும், ஒரு சொட்டு இரண்டு சொட்டுக்கு மேல் சிந்தாது. பார்க்க அவ்வளவு அழகு. மாட்டினேன், வண்டி ஸ்டார்ட் ஆனது, ஊருக்குள் ஓடியது. நெடுஞ்சாலையில் ஏறிப் பத்து நிமிடம் வேகமாகப் போனதும் மூச்சு வாங்கி நின்றது. ஓரமாக நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் திரும்ப ஸ்டார்ட் ஆனது. மறுபடி பத்து நிமிடம், மறுபடி நின்றது.

கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளைக் கழுவினேன். டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று பார்த்தேன். பிளக்கை மாற்றினேன். மூன்று நாள் போனது. கடைசியில் கனெக்டரை எடுத்து நேரடியாக ஹோஸை மாட்டியதும் வண்டி தெளிந்தது. நடந்தது இதுதான்: நின்ற ஒரு நிமிடத்தில் கார்புரேட்டரின் கிண்ணம் மெதுவாக நிரம்பியது, அதனால் திரும்ப ஸ்டார்ட் ஆனது. வேகமாகப் போகும்போது இன்ஜின் குடிக்கிற வேகத்துக்கு, அந்த ஸ்பிரிங் மூடியைச் சுற்றி வளைந்து பெட்ரோல் வந்து சேரவில்லை. பம்ப் தள்ளினால் அதே கனெக்டர் ஒரு தடையே இல்லை. 0.02 பாருக்கு அது சுவர்.

வீட்டுக்கு வந்து கனெக்டரின் துளையை அளந்தேன். துளை அளக்க டிரில் பிட்டை விட நல்ல கருவி கிடையாது. அளவு அதிலேயே பொறித்திருக்கும். 8 மி.மீ. ஹோஸுக்கு என்று விற்ற பொருள். ஹோஸ் ஏறும் முனைக்குள் 5 மி.மீ. பிட் போனது, 6 போகவில்லை. விட்டம் எட்டிலிருந்து ஐந்தாகக் குறைந்தால் பரப்பு பாதிக்கும் கீழே, நூற்றுக்கு நாற்பதுக்குப் போய்விடும். அதற்கு உள்ளே வால்வு வேறு. பெட்டியில் எழுதியிருப்பது ஹோஸின் அளவு, பெட்ரோல் போகும் வழியின் அளவு அல்ல.

எவ்வளவு வந்தால் போதும் என்று கணக்கிடுவது சுலபம். லிட்டருக்கு 20 கி.மீ. கொடுக்கும் வண்டி 100 கி.மீ. வேகத்தில் மணிக்கு 5 லிட்டர் குடிக்கும். நிமிடத்துக்கு 83 மில்லி. முழு த்ராட்டிலில் அது இரண்டு மூன்று மடங்காகும். ஆகவே கார்புரேட்டரில் மாட்டும் முனையைக் கழற்றி ஒரு அளவுப் பாட்டிலில் விட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி விழுகிறது என்று பாருங்கள். இந்த அளவு வண்டிக்கு 300 மில்லிக்குக் கீழே வந்தால் அந்த கனெக்டரை நான் வைத்துக்கொள்ள மாட்டேன். முக்கியமான விஷயம், இந்தச் சோதனையை டேங்க் நிரம்பியிருக்கும்போது செய்து திருப்திப்பட்டுவிடாதீர்கள். ரிசர்வ் மட்டத்தில் செய்யுங்கள். நிறைந்த டேங்கில் தேர்வாகி, ரிசர்வில் தோற்கும் கனெக்டர்கள் உண்டு. காக், அதாவது டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய், இன்ஜினின் உறிஞ்சலால் (வேக்யூம்) திறக்கும் வகையாக இருந்தால், அதன் சின்னக் குழாயில் உறிஞ்சிப் பிடித்தால்தான் பெட்ரோல் வரும். இல்லையென்றால் ஒன்றுமே வரவில்லை என்று கனெக்டரைக் குறை சொல்வீர்கள்.

சரி, கார்புரேட்டர் வண்டிக்கு எது நல்லது? பெரும்பாலும் எதுவும் வேண்டாம் என்பதுதான் என் பதில். டேங்கிலேயே காக் இருக்கிறது. அதை மூடினால் டேங்க் பக்கம் அடைபட்டது. குழாயில் நிற்கும் சில மில்லியைத் தவிர எதுவும் சிந்தாது. அதாவது க்விக் கனெக்டர் செய்கிற வேலையில் பாதியைக் கம்பெனியே செய்து கொடுத்துவிட்டது. கஷ்டம் ஹோஸை இழுப்பதில்தான் என்றால், காக்குக்குக் கீழே வால்வே இல்லாத, வழி அகலமான ஒரு கனெக்டரைப் போடலாம். பழைய காக் மூடியும் கசிகிறது என்றால் கனெக்டரைத் தேடாமல் காக்கின் வாஷரை மாற்றுங்கள். இல்லையென்றால் டேங்க் அலமாரியில் இருக்கும் இரவெல்லாம் சொட்டும்.

இரண்டு குழாய் வண்டி

இன்ஜெக்ஷன் வண்டிகளில் இரண்டு சாதி. ஒன்றில் இரண்டு பெட்ரோல் குழாய்கள்: ஒன்று பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும், மிஞ்சியதை இன்னொன்று டேங்குக்குத் திருப்பிக் கொண்டுவரும். பிஎம்டபிள்யூ ஆர்1150 வரிசை இதற்கு நல்ல உதாரணம். இன்னொரு சாதியில் ஒரே குழாய்தான். அழுத்தத்தைச் சரிசெய்யும் ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும். இன்றைய வண்டிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை.

க்விக் கனெக்டருக்கு உண்மையான தேவை இருப்பது இரண்டு குழாய் வண்டிகளில்தான். அங்கே காக் கிடையாது. மூடி வைக்க எதுவும் இல்லாமல் இரண்டு ஹோஸையும் உருவ வேண்டும், டேங்கோ பெரியது, பாதி நிறைந்தாலே ஒரு ஆள் தூக்கத் திணறும். இங்கே வால்வு வைத்த கனெக்டர் தரும் நிம்மதிக்கு ஈடில்லை. பம்ப் தள்ளும் குழாயில் அந்த வால்வு கொடுக்கும் தடை பொருட்டே அல்ல.

ஆனால் திரும்பி வரும் குழாயில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பம்ப், இன்ஜின் குடிப்பதைவிடப் பல மடங்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். மிச்சம் முழுவதும் இந்தக் குழாய் வழியாகத்தான் திரும்புகிறது. இங்கே வழி குறுகினால் ரெகுலேட்டருக்குப் பின்னால் அழுத்தம் தேங்கும். தேங்கிய அளவுக்கு இன்ஜெக்டரில் அழுத்தம் கூடும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் விழும். வண்டி நிற்காது, ஆனால் பிளக் கறுக்கும், மைலேஜ் குறையும், காரணம் பிடிபடாது. ஆகவே இரண்டு ஜோடி வாங்கும்போது துளை பெரிய ஜோடியை நான் திரும்பும் குழாயில்தான் போடுவேன். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அழுத்தம் அதிகமுள்ள குழாய்தானே முக்கியம் என்று நல்லதை அங்கே கொடுத்துவிடுகிறார்கள்.

இரண்டு குழாய் என்றால் மாற்றி மாட்டும் ஆபத்தும் உண்டு. என் நண்பர் ஒருவர் மாற்றி மாட்டிவிட்டு, பேட்டரி தீரும் வரை ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே இருந்தார். டேப் ஒட்டி அடையாளம் வைக்கலாம். பெட்ரோல் பட்டால் டேப் உரிந்துவிடும். இதைவிட நல்ல உபாயம், கனெக்டரின் பாதிகளை, செருகும் பாதியையும் அதை உள்வாங்கும் பாதியையும், மாற்றி வைப்பது. பம்பிலிருந்து வரும் குழாயில் டேங்க் பக்கம் வாங்கும் பாதி, இன்ஜின் பக்கம் செருகும் பாதி. திரும்பும் குழாயில் அதைத் திருப்பி, டேங்க் பக்கம் செருகும் பாதி, இன்ஜின் பக்கம் வாங்கும் பாதி. இப்போது தூக்கக் கலக்கத்தில் மாட்டினாலும் தவறாக மாட்ட முடியாது. இதில் இன்னொரு லாபமும் கிடைக்கும்: டேங்கைக் கழற்றி வைத்ததும் டேங்கின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று மாட்டிவிடலாம், இன்ஜின் பக்கத்து இரண்டையும் அதேபோல். தூசி உள்ளே போகாது. ஒரு வாரம் வண்டி பிரிந்து கிடந்தாலும் கவலையில்லை.

ஒரே குழாய் உள்ள வண்டிக்கு நான் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: கம்பெனி கொடுத்ததைத் தொடாதீர்கள். டேங்கின் அடியில் பம்ப் தட்டு, அதன் பிளாஸ்டிக் முனையில் வண்ணப் பூட்டு வைத்த ஒரு கனெக்டர், அதிலிருந்து இறுகிய நைலான் குழாய். அந்தக் குழாயை வெட்டி நடுவில் இன்னொரு கனெக்டரைச் செருகுவது, ஒரு கசிவு இடத்தைப் பலவாக்குவது. டேங்கைக் கழற்றும்போது கொஞ்சம் சிந்தும், துணி வைத்துக்கொண்டால் போதும். அந்தப் பூட்டு உடைவதுதான் வழக்கமான தொல்லை. சில கம்பெனிக் கையேடுகள் கழற்றும்போதெல்லாம் அதைப் புதிதாகப் போடச் சொல்கின்றன. அதையும், கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் கூடுதலாக ஒன்று வாங்கி வைத்தால் இந்த வண்டிக்காரர்கள் மீதிக் கட்டுரையைப் படிக்க வேண்டியதில்லை.

பிளாஸ்டிக், பித்தளை

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. க்விக் கனெக்டர்களில் பிளாஸ்டிக் என்பது பெரும்பாலும் அசிட்டால் என்ற கெட்டியான வகை. பெட்ரோலில் அது கரையாது, வீங்காது. எடை இல்லை. புதிதாக இருக்கும்போது அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிரச்சினை வயதானபின். இன்ஜினின் சூட்டில் வருடக்கணக்காக வெந்து, வண்டியின் அதிர்வைத் தாங்கி, ஒரு நாள் டேங்கைத் தூக்கும்போது ஹோஸ் ஒரு பக்கமாக இழுக்க, செருகும் பாதியின் கழுத்தில் முறியும். ஆர்1150 காரர்களில் பலர் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு மெட்டல் மாட்டுவது இதனால்தான். முறிந்த துண்டு வாங்கும் பாதிக்குள் மாட்டிக்கொண்டு அதன் வால்வைத் திறந்தே வைத்துவிட்டால், அடைத்துக்கொள்ள வேண்டிய கனெக்டர் அடைக்காது. மூடியிருக்கும் என்று நம்பிக் கையை எடுத்தவருக்குத்தான் அதிர்ச்சி.

குரோம் பூசிய பித்தளை முறியாது. விரலால் அழுத்தும் பூட்டும் உலோகம்தான், பத்து வருடம் கழித்தும் அதே கிளிக் கேட்கும். அதனால் பித்தளைதான் ஒரே பதில் என்று பலர் முடித்துவிடுகிறார்கள். நானும் இரண்டு குழாய் வண்டிக்குப் பித்தளையைத்தான் சொல்வேன். ஆனால் பித்தளைக்கு ஒரு குணம் உண்டு, அதைப் பேசுபவர்கள் குறைவு: அது முறியாது, பக்கத்தில் இருப்பதை முறிக்கும்.

ஒரு ஜோடியைக் கையில் வைத்துப் பாருங்கள். ஒரு சாவிக்கொத்து போல இருக்கும். இதை ஹோஸின் நடுவில் தொங்கவிட்டால், குண்டு குழியில் இறங்கும்போதெல்லாம் அது ஆடும். அந்த ஆட்டம் முழுவதும் போய்ச் சேரும் இடம் டேங்க் தட்டில் இருக்கும் பிளாஸ்டிக் முனை. கனெக்டர் முறிந்தால் கனெக்டர் வாங்கினால் போதும். அந்த முனை முறிந்தால் தட்டையே மாற்ற வேண்டியிருக்கும், பல வண்டிகளில் பம்போடு சேர்த்து. ஆகவே பித்தளையை முனைக்கு அருகிலேயே வைக்காமல் கொஞ்சம் ஹோஸ் விட்டு வைக்க வேண்டும். ஃபிரேமில் ஒரு கேபிள் டை போட்டுத் தாங்க வேண்டும், நெரிக்காமல். தட்டின் பிளாஸ்டிக் மரைக்குள் நேராகத் திருகும் பித்தளை வகையும் கிடைக்கிறது. அதை வாங்கவே வாங்காதீர்கள். கூம்பு மரை என்றால் இன்னும் மோசம். திருகத் திருக ஆப்பு மாதிரி உள்ளே இறங்கிப் பிளாஸ்டிக்கைப் பிளக்கும்.

ஆகவே என் கணக்கு இப்படி. வருடத்துக்கு ஒரு தடவைதான் டேங்கைத் தூக்குவீர்கள், கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் இன்னும் பளபளப்பாக இருக்கிறது என்றால் அப்படியே விடுங்கள், ஓ-ரிங்கை மட்டும் மாற்றுங்கள். பிளாஸ்டிக் சாயம் போய் வெளுத்து, கழுத்தில் முடி போல ஒரு கோடு தெரிகிறதா, அடுத்த தடவை வரை காத்திருக்க வேண்டாம். அதிகம் கழற்றுபவர், வெகுதூரம் ஓட்டுபவர், வழியில் தானே வேலை பார்ப்பவர் என்றால் பித்தளை, ஆனால் தாங்கிப் பிடித்து.

பந்தயக்காரர்கள் போடும் டிரை பிரேக் என்ற வகையும் உண்டு. முகம் தட்டையாக இருக்கும், பிரிக்கும்போது ஈரம் தவிர எதுவும் வராது. பொருள் அருமை. டேங்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அவ்வளவு பெரிய உருளைக்கு இடம் எங்கே என்று மட்டும் தெரியவில்லை.

உள்ளே இருக்கும் வளையம்

பிளாஸ்டிக்கா பித்தளையா என்று ஒரு மணி நேரம் விவாதிப்பவர்கள், உண்மையில் பெட்ரோலை அடைத்து நிற்கும் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. அது ஒரு ஓ-ரிங். அது கெட்டால் தங்கத்தில் கனெக்டர் செய்தாலும் ஒழுகும்.

மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். நைட்ரைல், எஃப்கேஎம், இபிடிஎம். நைட்ரைல் பழைய பெட்ரோலுக்குப் பல வருடம் உழைத்த ரப்பர். எத்தனால் கலந்த பெட்ரோலில் அதன் ஆயுள் குறைகிறது, வீங்குகிறது, காய்ந்தால் இறுகுகிறது. எஃப்கேஎம், வைட்டான் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்தது, எத்தனால் கலவையையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும்; கடும் குளிரில் மட்டும் விறைத்துவிடும், பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 டிகிரியில் வண்டி எடுப்பவர்களுக்குக் காலையில் ஒரு சொட்டு கசிந்து, சூடானதும் நிற்கும். இபிடிஎம் பிரேக் ஆயிலுக்கு உரியது. பெட்ரோலில் பட்டால் ஊறிய அப்பளம் மாதிரி ஆகிவிடும்.

தண்ணீர்க் குழாய்க்கும் ரசாயனங்களுக்கும் என்று விற்கப்படும் கனெக்டர்களில் இபிடிஎம் வளையம் போட்டே வரும் ரகங்கள் உண்டு. வெளியில் பார்த்தால் பெட்ரோலுக்கு உரியதும் அதுவும் இரட்டைப் பிள்ளைகள். நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. பழுப்பும் பச்சையும் எஃப்கேஎம் என்று சொல்வார்கள், ஆனால் எந்த ரப்பருக்கும் எந்தச் சாயமும் போடலாம்.

நான் செய்வது ரொம்பச் சின்னச் சோதனை. கூடுதலாக ஒரு ஓ-ரிங் வாங்கி, வெர்னியரில் அதன் தடிமனை அளந்து எழுதி வைக்கிறேன். மூடியுள்ள ஒரு கண்ணாடிப் புட்டியில் நான் வழக்கமாகப் போடும் பெட்ரோலைக் கொஞ்சம் ஊற்றி, வளையத்தை அதில் போட்டு, மூன்று நாள் தீ அண்டாத இடத்தில் வைக்கிறேன். எடுத்தவுடனே, காய்வதற்குள் அளக்க வேண்டும். காய்ந்தால் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்து நல்லபிள்ளை வேஷம் போடும். ஒரு தடவை 1.8 மி.மீ. தடிமன் 2.3 ஆகியிருந்தது, விரலால் அழுத்தினால் ஜெல்லி. பேக்கெட்டில் பெட்ரோலுக்கு உகந்தது என்றுதான் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பேக்கெட்டையும் படிப்பதோடு நிறுத்துவதில்லை.

புதிய வளையத்தை மாட்டும்போது ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவுங்கள். வறண்ட வளையம் செருகும்போது உருண்டு மடங்கி, கிளிக் சத்தம் கேட்டபிறகும் ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும்.

ஹோஸ், கிளிப், சில தவறான யோசனைகள்

ஹோஸின் அளவில் ஏமாறுவது சுலபம். கால் அங்குலம் 6.35 மி.மீ., பதினாறில் ஐந்து பங்கு அங்குலம் 7.94 மி.மீ., எட்டில் மூன்று பங்கு 9.5 மி.மீ. ஆகவே 8 மி.மீ. ஹோஸுக்குப் பதினாறில் ஐந்து பங்கு சரியாகப் பொருந்தும், 6 மி.மீ. ஹோஸ் கால் அங்குல முனையில் வெந்நீரில் நனைத்தால் ஏறிவிடும், ஏறியபின் நன்றாகவே பிடிக்கும். ஆனால் 8 மி.மீ. ஹோஸைக் கால் அங்குல முனையில் போட்டுக் கிளிப்பை முறுக்கி அடைத்துவிடலாம் என்று நினைத்தால், இன்ஜெக்ஷன் வண்டியில் அது முதல் நாளே பீய்ச்சி அடிக்கும்.

ஹோஸும் அழுத்தத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எஸ்ஏஇ 30ஆர்7 என்று அச்சிட்ட ஹோஸ் கார்புரேட்டருக்கு, இன்ஜெக்ஷனுக்கு 30ஆர்9. பெட்ரோல் ஓடுவது தெரிய வேண்டும் என்று கண்ணாடிபோன்ற பிவிசி டியூப் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருடத்தில் அது மஞ்சளாகி மூங்கில் குச்சி மாதிரி விறைக்கும். சிலிகான் டியூப் பெட்ரோலுக்கு ஆகாது.

கிளிப் விஷயத்தில் ஒரு சொல். பட்டையில் வரிசையாகத் துளை வெட்டிய, ஸ்குரூ டிரைவரால் முறுக்கும் கிளிப் சின்ன ஹோஸுக்கு வேண்டாம். அந்தத் துளைகளுக்குள் ரப்பர் பிதுங்கி அறுபடும். உட்புறம் வழுவழுப்பாக, ஓரம் மடிந்து இருக்கும் இன்ஜெக்ஷன் கிளிப்தான் சரி. கனெக்டர் முனையில் ஒரே ஒரு கூர்மையான வரம்பு இருந்தால் கிளிப்பை அந்த வரம்பின் மேலே போடக் கூடாது, அதைத் தாண்டிப் பின்னால் போட வேண்டும். மேலே போட்டால் வரம்பே கத்தியாகி ஹோஸை உள்ளிருந்து அறுக்கும்.

அப்புறம் அந்தப் பட்டறை யோசனை: காற்றுக் குழாய் கனெக்டர். கம்ப்ரசரில் போடுவது கையில் இருக்கிறதே, அதுவும் க்விக் கனெக்டர்தானே என்று ஒரு நாள் எல்லோருக்கும் தோன்றும். அதில் வழக்கமாக ஒரு பாதிக்கு மட்டும்தான் வால்வு. இன்னொரு பாதி வெறும் குழாய். மாற்றி மாட்டினால் டேங்க் பக்கம் திறந்தே இருக்கும், பிரித்தவுடன் எல்லாம் தரையில். இரும்பில் செய்ததாக இருந்தால் உள்ளே துருப்பிடித்து அந்தத் தூள் இன்ஜெக்டர் வரை போகும்.

டேங்கின் காற்றுக் குழாயிலும் கனெக்டர் போடலாம், வால்வு இல்லாததாக மட்டும். அழகாக ஒரே மாதிரி இருக்கட்டும் என்று அங்கேயும் வால்வு வைத்ததைப் போட்டு, அது பாதி மாட்டிய நிலையில் நின்றுவிட்டால், டேங்குக்குள் காற்று போக வழியில்லாமல் பெட்ரோல் இறங்காது. வண்டி நிற்கும், மூடியைத் திறந்தால் உஸ் என்று சத்தம் வரும், பிறகு ஓடும். எங்கே தேடுவது என்றே தெரியாது.

மாட்டிய அன்று

இன்ஜெக்ஷன் வண்டியில் எந்த கனெக்டரைப் பிரிப்பதற்கு முன்னாலும் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். வண்டி நின்று வெகுநேரம் ஆனபிறகும் குழாயில் அழுத்தம் மிச்சம் இருக்கும். வால்வு இரண்டு பக்கமும் இருந்தால் அந்த அழுத்தம் உள்ளேயே அடைபட்டு, திரும்ப மாட்டும்போது கையோடு மல்லுக்கட்டும். கனெக்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பிளேயரால் நெரிப்பார்கள்.

மாட்டும்போது கிளிக் சத்தத்தை நம்பாதீர்கள். சத்தம் கேட்டபின் இரண்டு பாதியையும் பிடித்துப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பாதி மட்டும் உட்கார்ந்த கனெக்டரில் வால்வு முழுக்கத் திறந்திருக்காது. மெதுவாகப் போனால் ஓடும், வேகம் எடுத்தால் திணறும்.

டேங்கைக் கீழே இறக்கி போல்ட் போடுவதற்கு முன், ஃப்யூஸைத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் சுற்றி, சாவியைத் திருகுங்கள். பம்ப் ஓரிரு நொடி முனகி நிற்கும். மூன்று நான்கு தடவை சாவியை அணைத்துப் போட்டுவிட்டுப் பேப்பரை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் பேப்பரில் வட்டமாகத் தெரியும். பெட்ரோல் உடனே காய்ந்துவிடும், ஆகவே எடுத்த கையோடு பார்க்க வேண்டும். ஒரு வாரம் ஓட்டியபின் இன்னொரு தடவை சீட்டைக் கழற்றி, பித்தளை எங்காவது ஃபிரேமில் உரசிப் பெயிண்டைத் தின்றிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். என் வண்டியில் தின்றிருந்தது. டையை இரண்டு விரற்கடை மேலே தள்ளிக் கட்டினேன்.